பழைய வருடத்தை அடித்துவிட்டு… (வாசகர் கேள்வி – பதில்)

"இந்த முறை பெயரும் ஊரும் வேண்டாம், என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று மட்டும் எழுதுங்கள்" என்று போன இதழில் கேட்டிருந்தேன். தெரிந்த பெயராக இருந்தால் பக்கம் பக்கமாகவும், தெரியாத பெயராக இருந்தால் இரண்டே வரியிலும் பதில் சொல்கிறேன் என்று ஒரு வாசகர் குற்றம் சாட்டியிருந்தார். பழைய இதழ்களை எடுத்து எண்ணிப் பார்த்தேன். உண்மைதான். அதனால் இந்த ஏற்பாடு. வந்து குவிந்ததில் பாதிக்கு மேல் புத்தாண்டைப் பற்றியே. அவற்றில் சில இங்கே.

வருடம் பிறந்து ஒரு வாரம் ஆகிவிட்டது. கை இன்னும் 2025 என்றே எழுதுகிறது. எனக்கு மட்டும்தானா இப்படி?
— வங்கிக் காசாளர்

உங்களுக்கே இப்படி என்றால் எனக்கு எவ்வளவு ஆறுதல் தெரியுமா! சில வருடங்களுக்கு முன்பு ஜனவரி 4-ஆம் தேதி நான் எழுதிக் கொடுத்த காசோலை திரும்பி வந்தது. கணக்கில் பணம் இருந்தது, கையெழுத்தும் சரி. வருடம்தான் பழசு. கொடுக்கும்போதே ஒரு வயதான காசோலையை எந்த வங்கி வாங்கும்?

இந்த வருடம் ஒரு வசதி உண்டு. 5-இன் கீழ் வளைவை இழுத்து மூடினால் 6 ஆகிவிடும். 2019 முடிந்து 2020 வந்தபோது இரண்டு இலக்கத்தையும் அடித்து எழுத வேண்டியிருந்தது. அடுத்த ஜனவரியில் 6-ஐ 7 ஆக்க எந்தக் கொம்பனாலும் முடியாது. (காசோலையில் இப்படித் திருத்தினால் நீங்கள் ஒத்துக்கொள்ள மாட்டீர்கள். காசாளரிடமே இதைச் சொல்கிறேன் பாருங்கள்.)

இந்தக் குழப்பத்தைச் சட்டபூர்வமாகவே வைத்திருந்தவர்கள் உண்டு. இங்கிலாந்தில் 18-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை சட்டப்படி வருடம் பிறந்தது மார்ச் 25-ஆம் தேதி. பக்கத்து நாடுகளிலோ ஜனவரி 1. அதனால் ஜனவரியிலிருந்து மார்ச் வரை கடிதம் எழுதுகிறவர்கள் நடுவில் ஒரு கோடு போட்டு 1659/60 என்று இரண்டு வருடத்தையும் எழுதிவிடுவார்கள். கடைசியில் அவர்களும் ஜனவரி 1-க்கு மாறினார்கள். அப்படி மாறியதில் 1751-ஆம் ஆண்டு அங்கே மார்ச் 25-இல் தொடங்கி டிசம்பர் 31-இல் முடிந்துவிட்டது. மொத்தமே 282 நாள்.

2026-க்கு என்ன சிறப்பு? மாணவர்களிடம் சொல்ல வேண்டும்.
— கணக்கு ஆசிரியை

ஒரு வருடம் பிந்திக் கேட்கிறீர்களே அம்மா! 2025 அல்லவா சிறப்பு? 45 × 45 = 2025. நடுவில் வெட்டி 20-ஐயும் 25-ஐயும் கூட்டினாலும் அதே 45. ஒன்றிலிருந்து ஒன்பதுவரை உள்ள எண்களின் கனங்களைக் கூட்டினாலும் 2025. அதற்கு முந்தைய வர்க்க வருடம் 1936. அடுத்தது 2116.

2026-ஐப் பாதியாக்கினால் 1013. அது பகா எண். அதற்கு மேல் உடைக்க முடியாது. கல்யாண வீட்டுக்கு மறுநாள் மாதிரியான எண்.

"இந்த பிப்ரவரியில் ஏழு கிழமைகளும் சரியாக நான்கு முறை வருகின்றன. 823 ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் இப்படி நடக்கும். 11 பேருக்கு அனுப்பினால் பணம் வரும்" என்று எங்கள் குழுவில் ஓடுகிறது. நம்பலாமா?
— குடியிருப்பு வாட்ஸ்அப் குழு நிர்வாகி

28-ஐ 7-ஆல் வகுத்தால் 4. லீப் வருடம் தவிர எல்லா வருடமும் பிப்ரவரி இப்படித்தான் வரும். இந்த பிப்ரவரி ஞாயிறன்று தொடங்கிச் சனியன்று முடிகிறது, காலண்டரில் நான்கு வரிசை மூலை மடங்காமல் நிற்கும், அந்த அழகு ஒன்றுதான் கொஞ்சம் அபூர்வம். அதுவும் 2009-இல் வந்தது, 2015-இல் வந்தது, 2037-இல் மறுபடி வரும். அனுப்பியவர் உங்கள் சங்கத் தலைவராக இருந்தால் இதைச் சொல்ல வேண்டாம்.

கிழமைகளில் திங்களை மட்டும் யாராவது ஒழித்திருக்கிறார்களா? புது வருடத்திலாவது நடக்குமா?
— தொழிற்சாலை மேற்பார்வையாளர்

இந்தக் கேள்விக்காகவே ஒரு ஞாயிற்றுக்கிழமையைச் செலவழித்தேன்.

தேதிகளை ஒழித்திருக்கிறார்கள். 1582-இல் போப் 13-ஆம் கிரகோரி காலண்டரைத் திருத்தியபோது இத்தாலி, ஸ்பெயின், போர்ச்சுகல் போன்ற நாடுகளில் அக்டோபர் 4-க்கு மறுநாள் அக்டோபர் 15. இடையில் இருந்த பத்துத் தேதிகள் கிடையாது. ஸ்பெயின் நாட்டுக் கன்னியாஸ்திரி, ஆவிலாவின் புனித தெரேசா காலமானது அந்த இரவில்தான். இறந்தது நான்காம் தேதி என்றால் மறுநாள் அடக்கம் செய்தது பதினைந்தாம் தேதி! ஆனால் கிழமையைப் போப்கூடத் தொடவில்லை. 4-ஆம் தேதி வியாழன், 15-ஆம் தேதி வெள்ளி. பத்து நாள் போயும் ஒரு திங்கள்கூடக் குறையவில்லை.

ரஷ்யா 1918-இல் மாறியபோது ஜனவரி 31-க்கு அடுத்து பிப்ரவரி 14. (அக்டோபர் புரட்சியை நவம்பர் 7-இல் கொண்டாடியதற்கு இதுதான் காரணம்.) சுவீடன் மாறலாமா வேண்டாமா என்று இழுத்தடித்துக் கணக்குக் குழம்பிப்போய், அதைச் சரிக்கட்ட 1712-இல் பிப்ரவரி 30 என்று ஒரு தேதியே வைத்தது. அன்று பிறந்த குழந்தையை நினைத்துப் பாருங்கள். பிப்ரவரி 29-இல் பிறந்தவர்களாவது நான்கு வருடம் காத்திருந்தால் போதும்.

கிழமையோடு விளையாடியது பசிபிக் கடலிலுள்ள சமோவா. தாண்டினால் தேதி ஒரு நாள் மாறிவிடுகிற கற்பனைக் கோடான தேதிக் கோடு அந்தத் தீவுக்குப் பக்கத்தில்தான் போகிறது. 1892-இல் அமெரிக்காவோடு வியாபாரம் செய்யச் சௌகரியமாக இருக்கும் என்று அவர்கள் கோட்டின் அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தார்கள். அதற்காக ஜூலை 4-ஆம் தேதியை இரண்டு முறை அனுபவிக்க வேண்டியிருந்தது. அன்று என்ன கிழமை என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். திங்கள்! அடுத்தடுத்து இரண்டு திங்கள்.

அப்புறம் வியாபாரமெல்லாம் ஆஸ்திரேலியாவோடும் நியூசிலாந்தோடும் என்று ஆனதும், 2011-இல் கோட்டின் இந்தப் பக்கமே திரும்பி வந்தார்கள். அதற்கு ஒரு நாளைக் கழிக்க வேண்டும். கழித்த நாள் டிசம்பர் 30, வெள்ளிக்கிழமை. ஆக, திங்களைக் கூடுதலாக வாங்கிக்கொண்டு, 119 வருடம் கழித்து அதற்குப் பதில் வெள்ளியைக் கொடுத்திருக்கிறார்கள். இப்படி ஒரு பேரத்தை நான் கேள்விப்பட்டதே இல்லை. நீங்கள் திங்கட்கிழமை வேலைக்குக் கிளம்புங்கள்.

புத்தாண்டு முதலில் எங்கே பிறக்கிறது, கடைசியில் எங்கே?
— விமான நிலையச் சரக்குப் பிரிவு ஊழியர்

முதலில் பசிபிக் கடலிலுள்ள கிரிபாட்டி நாட்டின் கிழக்குத் தீவுகளில். அவர்கள் எழுத்தில் 'டி' வருகிற இடத்தில் 'ஸ்' என்று படிக்க வேண்டுமாம். அதனால் நாட்டின் பெயர் கிரிபாஸ். அங்கே கிரிட்டிமாட்டி என்று ஒரு பெரிய தீவு. அதே விதியைப் போட்டுச் சொல்லிப் பாருங்கள்… கிறிஸ்துமஸ்!

1995-க்கு முன்பு தேதிக் கோடு இந்த நாட்டுக்கு நடுவிலேயே ஓடியது. மேற்கே திங்கள் என்றால் கிழக்கே இன்னும் ஞாயிறு. ஒருவர் அலுவலகம் திறந்தால் மற்றவருக்கு விடுமுறை. வாரத்தில் நான்கு நாள்தான் இரண்டு பக்கமும் சேர்ந்து வேலை நடக்கும். வெறுத்துப்போய்க் கோட்டைத் தங்கள் நாட்டைச் சுற்றி வளைத்துவிட்டார்கள்.

கடைசியில் புத்தாண்டு வருவது பேக்கர், ஹவுலண்டு என்ற இரண்டு குட்டித் தீவுகளுக்கு. அங்கே மனிதர்கள் இல்லை. வாழ்த்துச் சொல்லப் பறவைகள்தான். முதல் இடத்துக்கும் கடைசி இடத்துக்கும் 26 மணி நேரம் வித்தியாசம். இதில் இன்னொரு வேடிக்கை: ஜனவரி 1 என்கிற தேதி, முதல் தீவில் பிறந்ததிலிருந்து கடைசித் தீவில் முடியும்வரை எண்ணினால், உலகத்தில் 50 மணி நேரம் இருக்கிறது. எந்தத் தேதியும் அப்படித்தான், ஆனால் "வாழ்த்துச் சொல்ல மறந்துவிட்டேன்" என்கிறவர்களுக்கு இந்தத் தேதியில்தான் உபயோகம்.

இரவு சரியாகப் பன்னிரண்டு மணிக்குக் குழந்தை பிறந்தால் எந்த வருடக் கணக்கு? ஒவ்வொரு டிசம்பர் 31-ஆம் தேதியும் எங்கள் வார்டில் இந்தச் சண்டை வருகிறது.
— இரவுப் பணிச் செவிலியர்

24 மணிக் கணக்கில் அது 00:00. புது நாள், புது வருடம். 23:59 என்றால் பழசு. ஆனால் உங்கள் சண்டை சுலபத்தில் தீராத ஒரு இரவும் இருந்தது. பூமியின் சுழற்சி அணுக் கடிகாரத்தோடு ஒத்துப்போகாமல் கொஞ்சம் பின்தங்கும்போது ஒரு விநாடியைக் கூட்டுவார்கள். லீப் விநாடி என்று பெயர். 1972-இலிருந்து 27 முறை கூட்டியாயிற்று. கடைசியாகக் கூட்டியது 2016 டிசம்பர் 31. சர்வதேச நேரப்படி அன்று 23:59:59-க்கு அடுத்து 23:59:60 என்று ஒரு விநாடி வந்துவிட்டுத்தான் 2017 பிறந்தது. அந்த நிமிடத்துக்கு மட்டும் 61 விநாடி. கணினிக்காரர்களுக்கு இது பெரிய தலைவலி என்பதால் 2035-க்குள் இந்தப் பழக்கத்தை நிறுத்த 2022-இல் முடிவெடுத்துவிட்டார்கள்.

சுவர்க் கடிகாரம் இரண்டு நிமிடம் முந்தி ஓடுகிறதா என்று முதலில் பாருங்கள்.

ஜனவரி 1 அன்று வானத்தில் ஏதாவது நடக்கிறதா? எதற்கு அந்த நாள்?
— மின்கம்பப் பணியாளர்

ஒன்றும் நடப்பதில்லை. அது அலுவலகக் காரணம். ரோமில் கி.மு. 153-இலிருந்து கான்சல்கள் என்கிற ஆட்சித் தலைவர்கள் பதவியேற்ற நாள் ஜனவரி 1. அதற்கு முன்பு மார்ச்சில் பதவியேற்றார்கள். ஸ்பெயினில் சண்டை, படையோடு சீக்கிரம் கிளம்ப வேண்டும் என்று முன்னால் தள்ளினார்கள். ரோமானியர்களின் பழைய வருடமே மார்ச்சில்தான் தொடங்கியது என்பதற்குச் சாட்சி இன்னும் உங்கள் சுவரில் தொங்குகிறது: லத்தீனில் செப்டம்பர் என்றால் ஏழாவது, அக்டோபர் எட்டாவது, நவம்பர் ஒன்பதாவது, டிசம்பர் பத்தாவது. ஒன்பதாம் மாதத்தை ஏழாவது என்று கூப்பிட்டுக்கொண்டு இரண்டாயிரம் வருடத்துக்கு மேலாகக் காலம் தள்ளுகிறோம்.

வானத்தில் நடப்பது இரண்டு மூன்று நாள் கழித்து. ஜனவரி முதல் வாரத்தில்தான் பூமி சூரியனுக்கு மிக அருகில், சுமார் 14 கோடியே 71 லட்சம் கிலோமீட்டரில் இருக்கும். ஜூலையில் அதைவிட 50 லட்சம் கிலோமீட்டர் தள்ளிப் போய்விடும். குளிரும் வெயிலும் இந்தத் தூரத்தால் வருவதில்லை, பூமியின் அச்சு சாய்ந்திருப்பதால் வருபவை. கம்பத்தின் மேலே இருக்கும்போது நினைத்துக்கொள்ளுங்கள், எல்லோரையும்விட நீங்கள் இன்னும் பத்து மீட்டர் கிட்டே.

ஜனவரி மட்டும் அறுபது நாள் மாதிரி இழுக்கிறதே, ஏன்?
— துணிக்கடை விற்பனையாளர்

டிசம்பர் செலவை ஜனவரிச் சம்பளத்தில் அடைக்கிறோம், அதனால். மேலே சொன்னதோடு சேர்த்துப் பார்த்தால் நிலைமை நேர்மாறு. சூரியனுக்குக் கிட்டே இருக்கும்போதுதான் பூமி வேகமாக ஓடும். ஜனவரியில் விநாடிக்கு 30.3 கிலோமீட்டர், ஜூலையில் 29.3. வருடத்திலேயே பூமி தலைதெறிக்க ஓடுகிற மாதம் இதுதான். பர்ஸுக்கு அது தெரியவில்லை.

21 நாள் விடாமல் செய்தால் எதுவும் பழக்கமாகிவிடும் என்று வருகிறவர்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஜனவரி 22-ஆம் தேதி பாதிப் பேரைக் காணோம்.
— உடற்பயிற்சிக்கூடப் பயிற்சியாளர்

அந்த 21 எங்கிருந்து வந்தது தெரியுமா? மாக்ஸ்வெல் மால்ட்ஸ் என்று ஓர் அமெரிக்க அறுவை மருத்துவர். முகத்தை மாற்றிக்கொண்டவர்களுக்குக் கண்ணாடியில் தெரிகிற புது மூக்கு பழகக் குறைந்தது 21 நாள் ஆகிறது என்று 1960-இல் எழுதினார். அந்தக் 'குறைந்தது' வாய்க்கு வாய் மாறும்போது உதிர்ந்துபோய்விட்டது. புது மூக்கு பழகுவதும் விடியற்காலையில் எழுந்து ஓடுவதும் ஒன்றா?

லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் 96 பேரை வைத்து உண்மையாகவே சோதித்து 2009-இல் வெளியிட்டார்கள். ஒரு பழக்கம் யோசிக்காமலே வருகிற நிலையை எட்டச் சராசரியாக 66 நாள் ஆகியிருக்கிறது. சிலருக்கு 18, சிலருக்கு 254 வரை. அதில் எனக்குப் பிடித்த விஷயம், நடுவில் ஒரு நாள் தவறியதால் பெரிய பாதகம் எதுவும் வரவில்லை என்பது. "ஒரு நாள் விட்டுப்போச்சு, இனி அடுத்த ஜனவரிதான்" என்று படுத்துக்கொள்வது நாமாகக் கண்டுபிடித்த சட்டம். ஜனவரி 1-இல் தொடங்கியவருக்கு 66-ஆவது நாள் மார்ச் 7. அந்தத் தேதியைச் சொல்லி வையுங்கள், சந்தா எதுவரை வாங்குவது என்பதும் உங்களுக்குத் தெளிவாகிவிடும்.

ஆண்டா, வருடமா, வருஷமா? எதைத் திருத்துவது, எதை விடுவது?
— மெய்ப்புத் திருத்துநர்

என் கட்டுரையில் மூன்றும் இருக்கும், மூன்றையும் விட்டுவிடுங்கள். 'வருஷம்' வடமொழி 'வர்ஷ'த்திலிருந்து வந்தது. அதற்கு மழை என்றும் பொருள். எத்தனை மழை பார்த்தாய் என்றால் எத்தனை வயது என்று அர்த்தம். 'ஆண்டு' பழந்தமிழில் 'யாண்டு'. யாறு ஆறானது போல, யாமை ஆமையானது போல, முன்னால் இருந்த யகரம் தேய்ந்துவிட்டது. அந்த 'யாண்டு' என்ற சொல்லுக்கே 'எங்கே' என்றும் ஒரு பொருள் உண்டு. டிசம்பர் கடைசியில் நாம் எல்லோரும் கேட்கிற கேள்வி.

வயது ஏற ஏற வருடம் வேகமாக ஓடுகிறதே?
— ஓய்வுபெற்ற தபால்காரர்

ஐந்து வயதுப் பிள்ளைக்கு ஒரு வருடம் என்பது அதன் வாழ்நாளில் ஐந்தில் ஒரு பங்கு. உங்களுக்கு அறுபதில் ஒன்றோ எழுபதில் ஒன்றோ. இது வழக்கமாகச் சொல்கிற விளக்கம். எனக்கு இதைவிட நினைவுக் கணக்கு பொருத்தமாகப் படுகிறது. புதிதாகப் பார்த்ததை மனம் எடுத்து வைத்துக்கொள்கிறது, தினமும் பார்ப்பதை விட்டுவிடுகிறது. நீங்கள் வேலையில் சேர்ந்த முதல் வாரத்தை யோசித்துப் பாருங்கள். எந்த வீட்டு நாய் துரத்தியது, எந்தக் கதவுக்கு மணி கிடையாது, பை எந்தத் தோளில் அறுத்தது, எல்லாம் வரும். இருபதாவது வருடத்தின் ஏதாவது ஒரு வாரத்தைக் கேட்டால்? நடந்த தூரம் அதேதான். எடுத்து வைக்க ஒன்றும் இல்லாததால் அந்த வருடம் மெலிந்துவிடுகிறது.

வருடாவருடம் டைரி எழுதத் தொடங்குகிறேன். எதுவும் பொங்கி வழியவில்லை, நின்றுவிடுகிறது. நீங்கள்?
— நூலகர்

என் டைரி ஒன்றைத் திறந்து அப்படியே சொல்கிறேன். ஜனவரி 1: ஒரு முழுப் பக்கம், பச்சை மசி, லட்சியங்கள். ஜனவரி 2: அரைப் பக்கம். ஜனவரி 3: "மழை. பல்வலி." அவ்வளவுதான். ஏப்ரலில் யாரோ ஒரு பிளம்பரின் தொலைபேசி எண்.

லண்டனில் சாமுவேல் பெப்பிஸ் 1660 ஜனவரி 1-இல் தொடங்கி, கண் கெட்டுவிடும் என்ற பயத்தில் 1669 மே மாதம் நிறுத்தும்வரை எழுதினார். சுருக்கெழுத்தில்! அதுதான் ரகசியம் என்று நினைக்கிறேன். வீட்டில் யாரும் படிக்க முடியாது. பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட புதுச்சேரியில் இருந்த நம் ஆனந்தரங்கப் பிள்ளையோ ஜனவரிக்கெல்லாம் காத்திருக்கவில்லை. 1736 செப்டம்பரில் தொடங்கி ஏறக்குறைய 25 ஆண்டு எழுதினார். எந்தக் கப்பல் வந்தது, எந்தத் துரை என்ன சொன்னார் என்று அன்றாடம் காதில் விழுந்ததைத்தான். லட்சியங்களை எழுதியிருந்தால் அவரும் மூன்றாம் நாளே பல்வலியில் நிறுத்தியிருப்பார்.

பழைய காலண்டரை என்ன செய்வீர்கள்?
— அச்சக உரிமையாளர்

உங்களுக்கு நஷ்டம் வருகிற பதில். வருடங்கள் 365 நாளோ 366 நாளோ, ஏழில் ஏதோ ஒரு கிழமையில் தொடங்க வேண்டும். ஆக, உலகத்தில் இருப்பதே 14 காலண்டர்கள்தான். அவையே திரும்பத் திரும்ப வருகின்றன. 2025 காலண்டரைப் பத்திரமாக வைத்தால் 2031-இல் மாட்டலாம். நிலாவைப் பார்த்து வருகிற விசேஷங்கள் மட்டும் பொருந்தாது.

அலமாரியைக் குடைந்தபோது 2015-ஆம் வருட மாதக் காலண்டர் ஒன்று சுருட்டியபடி கிடைத்தது. 2026-க்கு அச்சு அசலாகப் பொருந்துகிறது. ஓரங்களை ஒரு நாள் முழுக்கப் புத்தகத்தின் கீழ் வைத்து நிமிர்த்தி, ஆணியில் மாட்டிவிட்டேன். பத்து நாளில் எத்தனையோ பேர் வந்தார்கள், அதைப் பார்த்துத் தேதி குறித்துக்கொண்டும் போனார்கள். ஒருவரும் வருடத்தைப் பார்க்கவில்லை. நான்தான் ஏமாந்தேன். ஜனவரி 21, புதன், அந்தக் கட்டத்தில் "பல் டாக்டர், 5.30" என்று என் கையெழுத்து. மறந்தே போயிருந்தோமே என்று அவசரமாகத் தொலைபேசியை எடுத்துவிட்டேன். எண்ணைத் தேடும்போதுதான் உறைத்தது. அந்தப் பல் இப்போது இல்லை.